நான் துடைத்த நட்சத்திரக் குறிகள்

என்னைப் போன்ற மடையனிடம் கணினியின் அழிக்கும் பொத்தானைக் கொடுத்திருக்கவே கூடாது. பாரிசின் லா சப்பலில் அச்சுக்கடை தொடங்கிய புதிதில், ஒரு பெண்ணின் ஏழு வருட உழைப்பை ஒரே நிமிடத்தில் பொய்யாக்கினேன். அதுவும் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு.

புதுச்சேரிக் குடும்பத்துப் பெண் அவர், புறநகரான ஆர்ஜொந்தெயிலிருந்து வருவார். லத்தீனுக்குத் தாயான பழைய மொழியின் வினைச்சொற்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்த மொழியில் எழுதிய ஒரு வரிகூட எங்கும் கிடைத்ததில்லை. லத்தீனையும் அதன் உறவு மொழிகளையும் அருகருகே வைத்து, ‘செய்தான்’, ‘கொடுத்தான்’ என்பதை அந்தக் காலத்து ஆட்கள் எப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று கணிப்பதுதான் வேலை. கணித்த ஒவ்வொரு சொல்லின் முன்னும் நட்சத்திரக் குறி ஒன்று நிற்கும்: இதை எவரும் கண்டதில்லை, எங்கள் ஊகம் மட்டுமே என்ற ஒப்புதல் அது.

இந்த ஞானமெல்லாம் எனக்குப் பிறகுதான் வந்தது. பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ்களும் மரண அறிவித்தல்களும் வாட்ஸ்அப்பில் வரும்போது எழுத்தைத் தடிப்பாக்கப் போட்ட நட்சத்திரங்களும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். கேட்காமலே துடைத்துக் கொடுப்பது என் வழக்கம். அவருடைய ஆய்வேட்டையும் அப்படியே துடைத்து, அவரது பென்டிரைவிலேயே சேமித்து, ஐந்து பிரதிகளும் அச்சடித்துப் புத்தகமாகக் கட்டிவிட்டேன்.

வாங்க வந்தவர் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினார்.

“அண்ணே, ஸ்டார் எல்லாம் எங்க?”

“குப்பை மாதிரிக் கிடந்தது, தங்கச்சி. துப்புரவாக்கிப்போட்டன்.”

“ஐயோ! நான் ஊகிச்சதெல்லாம் கல்வெட்டுல பார்த்த மாதிரி ஆயிடுச்சே. பொய்க்காரின்னு தூக்கி எறிவாங்க. அஞ்சு மணிக்குள்ள யூனிவர்சிட்டில குடுக்கணும்!”

மணி இரண்டு. மூலப்பிரதி ஆர்ஜொந்தெய் வீட்டில். போய் வந்து, திரும்ப அச்சடித்துக் கட்ட நேரமில்லை. கடையைப் பூட்டினேன். இருவரும் கறுப்புப் பேனையோடு உட்கார்ந்தோம். அவர் விரலால் தொட்டுக்காட்ட, நான் குறி போட்டேன். “இதுக்குப் போடுங்க. இது வேணாம், நிஜ லத்தீன். அண்ணே, அது ஸ்டாரா, சிலந்தியா?”

நாலு மணி கடந்து பிரதிகளை அள்ளிக்கொண்டு மெத்ரோவுக்கு ஓடினார். ஐந்தரைக்குத் தொலைபேசி: “வாங்கிக்கிட்டாங்க, அண்ணே.” கேத்தலை அடுப்பில் வைத்தேன். அன்று குடித்த வெறுந்தேநீரின் ருசி பிறகு எந்தத் தேநீரிலும் வரவில்லை.

பட்டம் கிடைத்தது. இன்று அவர் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறார். போன கிழமை புதிய கட்டுரையோடு கடைக்கு வந்தார். பழைய பாவத்தைக் கழுவலாமே என்று கேட்டேன்:

“ஒருக்கா வாசிச்சுச் சரிபார்த்து விடட்டோ, தங்கச்சி?”

“தொடாதீங்க, அண்ணே.”