குழாயடிக்குப் போக முடியாதவர்

தொண்ணூறுகளில், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி மருந்து வரிசையில் எனக்கு முன்னால் ஒருவர் நின்றார். ராஜபாளையம் பக்கம் ஒரு மில்லில் பஞ்சு உதறும் வேலை. வற்றிய உடம்பு. பேசும்போது துண்டால் வாயை மூடிக்கொள்வார்.

நெஞ்சு நோய்க்கு இன்ஹேலர் மருந்தை வாயில் வைத்து இழுத்தால் நாக்கில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்துவிடும். இழுக்காவிட்டால் மூச்சு முட்டும். பூஞ்சைக்கு அவர் வந்தது நாலாவது தடவை.

“இழுத்ததும் வாய் கொப்பளிக்கிறீங்களா? கொப்பளிச்சா பூஞ்சை வராதே?” என்று நர்ஸ் கேட்டார்.

“கொப்பளிக்கேன் சிஸ்டர்.”

நர்ஸ் நகர்ந்ததும் என் பக்கம் திரும்பினார். “பொய் அண்ணாச்சி. மில்லு கக்கூஸுக்குள்ள நின்னு இழுக்கேன். குழா இருக்கது மேஸ்திரி கண்ணு முன்னால. சீக்காளின்னு தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிருவாக. மருந்த இடுப்புல ஒளிச்சிரலாம், தண்ணிய எங்க ஒளிக்க?”

“வெத்தல துப்புனேன்னு சொல்லுங்க.”

“நல்லாச் சொன்னீக! பஞ்சுல வெத்தலக் கறை பட்டா அன்னைக்கே சீட்டு கிழியும்.” சிரித்தார். இருமல் பிடித்துக்கொண்டது.

பஞ்சுத் தூசி இல்லாத வேறு வேலை தரச் சொல்லி டாக்டரிடம் எழுதி வாங்கச் சொன்னேன்.

“அந்தக் காயிதத்த மில்லுலதான குடுக்கணும்?” என்றார்.

மதிய ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. பஸ்ஸைப் பார்த்து ஓடினார். பாதியில் மூச்சு வாங்கி நின்றுவிட்டார். நான் கத்தி பஸ்ஸை நிறுத்தி, கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன். செய்தது நல்லதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.