பழியை மேலே அனுப்பாதவன்

கலியமூர்த்தி போன செய்தி அவனுடைய செல்லிலிருந்தே எனக்கு வந்தது. தினமும் சாயங்காலம் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் சிதம்பரம் வண்டி ஏறியதும் "ஏறிட்டேன் மச்சான்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிடுவான். அன்றைக்கும் அதே நேரத்துக்கு மணி அடித்தது. எடுத்தால் வேறு குரல். "சார், நான் ஆட்டோ ஓட்டுறவன். இந்த போன்ல கடைசியா உங்களுக்குத்தான் பேசியிருக்காங்க. இவுங்க பள்ளத்துல வுழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டோம், சீக்கிரம் வாங்க" என்றார் அவர். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

எங்கள் கடைக்கு ஒரு முறையாவது வந்தவர்களுக்கு அவனைத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில் கல்யாணப் பத்திரிகை, ஃபிளெக்ஸ் பேனர், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி அடிக்கும் கடையை நாங்கள் இருவரும் சேர்ந்து இருபத்தாறு வருடமாக நடத்தினோம். கம்ப்யூட்டரில் வடிவமைப்பது அவன். வாசகம் எழுதுவதும் பிழை திருத்துவதும் நான். அவன் சிதம்பரத்துக்காரன், நெற்றி நிறைய விபூதி பூசாமல் வீட்டைவிட்டுக் கிளம்ப மாட்டான். நான் கடலூர்க்காரன், பெயர் சாமுவேல். இருபத்து நாலு வயதில் சர்ச்சுக்குப் போவதை நிறுத்தியவன். எங்களுக்குள் எந்த உறவும் இல்லை, ஆனாலும் மச்சான்கள். அதனால் அவனை அவன் என்றே எழுதுகிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குழாய் பதிப்பதற்காகத் தெருவில் தோண்டிய பள்ளம் அது. பத்து நாளாகத் திறந்து கிடந்தது. கார்த்திகை மாதத்து மழையில் தண்ணீர் நிரம்பி, தெருவும் பள்ளமும் ஒன்றாகத் தெரிந்தன. ஒரு தடுப்பு இல்லை, ஒரு கயிறு இல்லை, எச்சரிக்கைப் பலகை இல்லை. ஆறு மணிக்கே இருட்டிவிடுகிற நேரத்தில் ரயிலைப் பிடிக்க நடந்தவன் அதில் விழுந்து, தலை குழாயில் மோதிச் செத்தான்.

மறுநாள் காலையில் சொந்தக்காரர்கள் சுவரொட்டி கேட்டார்கள். கண் எரிந்துகொண்டிருந்தது. கை பழக்கத்தில் அடித்துவிட்டது: "இறைவனடி சேர்ந்தார்." இருபத்தாறு வருடம் அடுத்தவர்கள் பிழையைத் திருத்தியவன் நான், என் கூட்டாளியின் சாவில் இவ்வளவு பெரிய பிழையை விட்டேன். சிதம்பரம் முழுக்க அது ஒட்டப்பட்டது. ஊர்வலத்தில் நடக்கும்போது சுவரில் அதைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவன் உயிரோடிருந்தால் என் சட்டையைப் பிடித்திருப்பான். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் மண்டபக் கதையைச் சொல்ல வேண்டும்.

பல வருடங்களுக்கு முன் ஒரு கல்யாண மண்டபத்தில், மூடி இல்லாத தண்ணீர்த் தொட்டியில் நாலு வயதுக் குழந்தை விழுந்து இறந்துபோனது. குழந்தையின் அப்பாவைக் கூட்டிக்கொண்டு மண்டபத்து ஆள் ஒருவர் கடைக்கு வந்தார். கையில் வாசகம் தயாராக இருந்தது. "பிஞ்சு மலரை இறைவன் பறித்துக்கொண்டான்." கலியமூர்த்தி அதைப் படித்துவிட்டு அந்த ஆளிடம் கேட்டான்.

"எறைவன் பறிச்சாரா? தொட்டிக்கு மூடி போடாம வெச்சிருந்தது யாரு?"

"அதுக்கெல்லாம் என்னாங்க பண்றது, விதி" என்றார் அவர்.

"செய்யாத குத்தத்துக்கு அவரு பேரப் போட மாட்டேன். தெனமும் கும்புடற சாமிங்க. அவரு மேல பொய்க் கேசு போடற எடம் இது இல்ல."

பிறகு குழந்தையின் அப்பாவிடம் திரும்பி, நடந்ததை நடந்தபடி அடிக்கட்டுமா என்று கேட்டான். அந்த மனிதர் அழுதுகொண்டே தலையாட்டினார். மூடாமல் விட்ட தொட்டியில் விழுந்து குழந்தை இறந்தது என்று மண்டபத்தின் பெயரோடு சுவரொட்டி வெளிவந்தது. அதற்குப் பரிசாக எங்கள் கடைக் கண்ணாடி உடைந்தது. அந்த மண்டபத்துப் பக்கமிருந்து ஒரு பத்திரிகை வேலையும் அதற்குப் பிறகு வரவில்லை. ஒரு மாதம் கழித்து என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு நாலைந்து மண்டபங்களுக்குப் போய்க் காட்டினான். எல்லாத் தொட்டிக்கும் புது இரும்பு மூடி. "பாரு மச்சான். சாமியா வந்து போட்டுது?" என்றான்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. திரும்பி வரும் வழியிலேயே ஆரம்பித்தேன். "எல்லாம் வல்லவருன்னு சொல்ற. கொழந்த வுழும்போது கைய நீட்ட வேண்டியதுதான? பக்கத்துல நின்னு ஒரு மனுசன் வேடிக்க பாத்திருந்தா நம்ம சும்மா வுட்டுருவமா?" கடை வாசலில் என்னை இறக்கிவிட்டுப் போனவன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் டீக்கடையில் கிளாசைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "நீ அவரத் திட்டுற. அந்த மண்டபத்துக்காரன் அவரக் கும்புடறான். ரெண்டு பேரும் சேந்து யாரத் தப்பிக்க வுடுறீங்க, பாத்தியா?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் தோற்றதாக ஒப்புக்கொள்ளவில்லை. மூடி போடாதவன் குற்றவாளி, சரி. எந்த மனிதனின் கையும் படாத துன்பம் வரும்போது என்ன சொல்வாய் என்று அவனை மடக்கும் நாளுக்காகக் காத்திருந்தேன். வாதத்தில் ஜெயிக்கும் ஆசை எவ்வளவு கேவலமானது என்பது பிறகு தெரிந்தது.

அவன் மகள் தேன்மொழி கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது ரத்தப் புற்றுநோய் வந்தது. பதினோரு மாதம். வைத்தியத்தில் ஒரு குறையும் இல்லை, நானே கூட இருந்து பார்த்தேன். கடைசி வாரத்தில் டாக்டரைப் பிடித்துக்கொண்டு அவன் கேட்டது காதிலேயே இருக்கிறது. "தண்ணியா சார்? காத்தா சார்? நாங்க குடுத்த சாப்பாட்டுலயா?" டாக்டர் அவன் தோளில் கை வைத்து, யார் மேலும் தப்பு இல்லை, ஏன் வருகிறது என்று எங்களுக்கே தெரியாது என்று சொன்னார். யாராவது ஒருவர் மேல் தப்பு இருந்திருந்தால் கலியமூர்த்தி தாங்கியிருப்பான்.

பெண்ணுக்கான சுவரொட்டியை அவனே செய்தான். வேண்டாம், நான் செய்கிறேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். திரையைப் பார்த்தபடியே சொன்னான்: "இதுல அவரு ஒருத்தருதான் மச்சான் இருக்காரு. வேற ஆளே இல்ல. அன்னிக்கு நீ கேட்டது சரிதான்." இத்தனை வருடமாக நான் கேட்க விரும்பிய வார்த்தை. அதைக் கேட்டதும் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவன் அடித்திருந்தது தேன்மொழியின் பெயர், பிறந்த நாள், இறந்த நாள், கீழே இரண்டு சின்ன வாக்கியம்: "ஏன் என்று தெரியவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறோம்." அவன் பெரியப்பா ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, சாமி குத்தம் ஆகிவிடும் என்று கூச்சல் போட்டார். "ஆவட்டும் பெரியப்பா. ஆன குத்தத்துக்கு மொதல்ல பதில் வரட்டும்" என்றான்.

இனிமேல் விபூதி இருக்காது என்று நினைத்தேன். காரியம் முடிந்து கடைக்கு வந்தவன் நெற்றியில் வழக்கத்தைவிட ஜாஸ்தியாகவே இருந்தது. கோயிலுக்குப் போனாயா என்று கேட்டேன்.

"போனேன். கும்புடப் போவல, கேக்கப் போனேன்."

சிதம்பரம் கோயிலுக்குள் ஓரிடத்தில் நின்றால் நடராசரையும் பெருமாளையும் சேர்த்துப் பார்க்கலாம் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். தினமும் காலையில் அங்கே போய் நின்றுதான் கேட்பானாம். "ரெண்டு பேரையும் ஒண்ணா வெச்சிக் கேட்டாதான், ஒருத்தர் மேல ஒருத்தர் சாக்கு சொல்ல முடியாது" என்றான். சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான், மகள் போன பிறகு முதல் முறையாக. நாலு வருடம் ஒரு நாள் விடாமல் போனான். பதில் வந்ததா என்று எப்போதாவது கேட்பேன். "வரல. ஆனா எடத்த வுட்டு அவரும் போவல, நானும் போவல" என்பான். ஒரு நாள் கோபத்தில் சர்ச்சைவிட்டு வெளியே வந்து, அதோடு கதையை முடித்துக்கொண்டவன் நான். உள்ளேயே நின்று தினமும் சண்டை போட்டவனுக்கு முன்னால் என் நாத்திகம் சோம்பேறித்தனமாகத் தெரிந்தது.

இப்போது பள்ளத்துக்கு வருகிறேன். அவனை எரித்த இரண்டாம் நாள் கடை செல்லுக்கு வாட்ஸாப்பில் ஒரு ஆர்டர் வந்தது. பத்தடிக்கு எட்டடி பேனர். "இறைவனடி சேர்ந்த அண்ணன் கலியமூர்த்திக்குக் கண்ணீர் அஞ்சலி." கீழே கைகூப்பியபடி ஒருவர் படம், அது பெரிதாக வர வேண்டும் என்று குறிப்பு வேறு. பள்ளம் தோண்டிய ஒப்பந்தக்காரரின் படம் அது. செத்தவன் யாரோ அவன் கடைக்கே பேனர் சொல்லியிருக்கிறார்கள், அது கூடத் தெரியாமல்! அனுப்பிய எண்ணைக் கூப்பிட்டேன்.

"யாருங்க இது, உங்களுக்குச் சொந்தமா?"

"இல்ல சார், ஏரியால ஒருத்தரு, பாவம் பூட்டாரு. நம்ம அண்ணன் சார்பா ஒரு பேனர் வெச்சிடலாம்னு."

"எப்பிடிப் பூட்டாரு?"

"நேரம் சார். சாமி கூப்டுக்கிச்சி."

"எந்தப் பள்ளத்துல நின்னு கூப்டுச்சு?"

உடனே போனை வைத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் ஒப்பந்தக்காரரே சிதம்பரத்துக்கு ஆள் உயர மாலையோடு வந்தார். கலியமூர்த்தியின் மனைவி வளர்மதி கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். படத்துக்கு மாலை போட்டுவிட்டு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எல்லாம் அவன் செயல்மா. நம்ம கையில என்னா இருக்கு?" என்றார்.

"தடுப்பு உங்க கையில இருந்துச்சுங்களே" என்றாள் வளர்மதி.

குரலை உயர்த்தக் கூட இல்லை. வந்தவர் வேறு ஏதேதோ பேசினார், மழையைச் சொன்னார், நேரத்தைச் சொன்னார். "தடுப்பு ஏங்க வெக்கல?" என்று அவள் திரும்பத் திரும்ப அதே கேள்வியைக் கேட்டாள். அவர் எழுந்து போனதும் மாலையைக் கழற்றி என் கையில் கொடுத்து, "அவுங்க எப்பிடி அடிப்பாங்களோ அப்பிடி அடிச்சிடுங்கண்ணே" என்றாள்.

அடித்தேன். "கலியமூர்த்தி, வயது ஐம்பத்தெட்டு. குழாய் பதிக்கத் தோண்டித் தடுப்பில்லாமல் விட்ட பள்ளத்தில் விழுந்து இறந்தார்." அதற்குக் கீழே தோண்டியவர் பெயர். இந்தக் கட்டுரையில் பெயர் வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். சுவரொட்டி அடிக்கும்போது நான் வக்கீலைக் கேட்கவில்லை. திருப்பாதிரிப்புலியூரிலும் சிதம்பரத்திலும் ஒட்டினோம். விடிவதற்குள் கிழித்திருந்தார்கள், மறுபடி ஒட்டினோம். கிழிக்கட்டும். மெஷின் நம்முடையது, பசையும் நம்முடையது. அந்த முதல் சுவரொட்டிக்கு நான் செய்யும் பிழைதிருத்தம் இது. ஊர்ச் சுவரில் எத்தனை நாள் வேண்டுமானாலும் செய்வேன்.

வருகிற திங்கட்கிழமை காலை கலெக்டர் ஆபீசில் வளர்மதி மனு கொடுக்கிறாள். அந்தத் தெருவில் பத்து நாளும் அந்தப் பள்ளத்தைத் தாண்டிப் போனவர்கள் நம்மில் நிறையப் பேர். நானும் தாண்டிப் போனேன், ஒரு கயிறு கட்டவில்லை. அதையும் மனுவில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கலியமூர்த்திக்கு அஞ்சலி செலுத்த நினைப்பவர்கள் மாலை வாங்க வேண்டாம். வந்து கையெழுத்துப் போடுங்கள். பயமாக இருந்தால் கூட வந்து நில்லுங்கள், அதுவே பெரிய உதவி.

கடவுளைப் பற்றி நீ என்ன முடிவுக்கு வந்தாய் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். முடிவு எதுவும் இல்லை. யார் செய்தது எது, யாரும் செய்யாதது எது என்று பிரித்துப் பார்த்துக் கோபப்படுகிற அவன் புத்தியை மட்டும் என்னோடு வைத்துக்கொண்டேன். கடவுள் என்று ஒருவர் இருந்தால் தேன்மொழிக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். அவள் அப்பன் கேட்டதை இனி நான் கேட்பேன், நம்பிக்கை இல்லாதவன் கேட்கக் கூடாது என்று யாராவது சொன்னால் அவர்களோடும் சண்டைக்குத் தயார். ஆனால் கலியமூர்த்தியின் சாவுக்கு அவரை நான் கூப்பிட மாட்டேன். அதற்கு ஆள் இருக்கிறது, அந்த ஆளுக்கு விலாசமும் இருக்கிறது.