கடைசிப் பூவின் அறைகள்

ஒரு செடியைப் புதிய இனம் என்று நிரூபிப்பதற்குள் நமக்கு வயதாகிவிடுகிறது. வடக்கே மலைச்சாலை ஓரத்தில் நான் கண்ட புதர் அது. அடுத்த மழையில் சரிவோடு சரிந்து போனது. மிச்சம், ஹௌராப் பக்கம் எங்கள் தாவர ஆய்வு அலுவலக அலமாரியில், அட்டையில் தைத்து வைத்த ஒரு காய்ந்த கிளை. அதன் பூக்களையும் இந்த ஊர் ஈரமும் பூச்சியும் முக்கால்வாசி தின்றுவிட்டன.

இலை, மயிர், இதழ் என்று அத்தனையையும் அளந்து எழுதி அனுப்பியிருந்தேன். பூவுக்குள் சூலகத்தில் மூன்று அறை. அதைப் போலவே இருக்கும், ஏற்கெனவே பெயரிட்ட பழைய இனத்துக்கு இரண்டுதான். என் கட்டுரை நின்றதே அந்த மூன்றில்தான். பத்திரிகையின் பரிசீலகர், முகம் தெரியாத மனிதர், ஒரே பூவில் பார்த்ததை எப்படி நம்புவது, இன்னொன்றையும் வெட்டிப் பாருங்கள் என்று எழுதிவிட்டார்.

இன்னும் ஒரே ஒரு பூதான் மிச்சமிருந்தது. அதையும் வெட்டினால் நாளை பார்க்க வருபவர்களுக்கு வெறும் இலையைத்தான் காட்ட வேண்டும். பாலிகஞ்ச் வீட்டில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"ஒரு பூவை நறுக்கறதுக்கா மூஞ்சியை இப்படித் தூக்கி வெச்சுண்டிருக்கே? தினம் வெண்டைக்காய் நறுக்கறியே," என்றார் கணவர்.

எரிச்சலாக வந்தது. ஆனாலும் மறுநாள் பஸ் நெரிசலில் நின்றபடியே, சரி, தொலையட்டும் என்று முடிவு செய்தேன்.

காய்ந்த பூவை அப்படியே வெட்டினால் பொடியாகிவிடும். கண்ணாடிக் கிண்ணத்து வெந்நீரில் அது ஊறி மெதுவாக விரியும்வரை காத்திருந்தேன். கழுத்து விண்விண்ணென்று வலித்தது. பிளேடால் குறுக்கே ஒரு வெட்டு. மைக்ரோஸ்கோப்பில் குனிந்தேன். இரண்டு அறை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன், விளக்கைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டேதான். முதலில் வெட்டியது ஏதோ தப்பிப் பிறந்த பூ.

பக்கத்து மேசை வங்காளிப் பெண், என்னை அக்கா முறையில் திதி என்று கூப்பிடுபவள், எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. பூதான் தீர்ந்துவிட்டதே, இனி யார் வெட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்றாள் தணிந்த குரலில். கெட்ட எண்ணமில்லை, என் அலைச்சலையெல்லாம் பார்த்தவள். எனக்கும் ஆசையாக இருந்தது. பொய் சொல்வானேன், ரொம்பவே ஆசையாக இருந்தது.

இரண்டு அறை, கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று பத்திரிகைக்கு எழுதினேன். அட்டையில் பழைய இனத்தின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு, அந்த இனத்தின் அட்டைக்கட்டைப் பிரித்து உள்ளே செருகினேன். அங்கே ஏற்கெனவே நிறைய அட்டைகள் இருந்தன. எல்லாவற்றிலும் பூ இருந்தது.