அலெக்ஸாண்டர், வயது இருபத்தைந்து

எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால் சிலுவையம்மாள் "ரெண்டு" என்பாள். அதற்கு மேல் கேட்பவர்கள் குறைவு. கேட்டாலும் மூத்தவள் ரேச்சலைப் பற்றியே பேச்சை இழுத்துக்கொண்டு போய்விடுவாள். நர்ஸ் படிப்பு, கனடாவில் முதியோர் இல்லத்தில் வேலை, அங்கே முழங்கால் அளவுக்குப் பனி கொட்டுவது என்று போகும் அந்தப் பேச்சு. இளையவன் அலெக்ஸாண்டர் பத்தொன்பது வயதில் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரியின் பின்சக்கரத்தில் போனான் என்பதை அவள் வாயால் ராயபுரத்தில் யாரும் கேட்டதில்லை. தெரு முழுக்கத் தெரிந்ததை அவள் எதற்குச் சொல்ல வேண்டும்?

ரேஷன் கார்டிலும் அவன் பெயர் அப்படியே இருந்தது. கல்யாணமானதும் ரேச்சலின் பெயரை எடுத்தாயிற்று. பையன் பெயரை எடுக்க இறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். பிறகு பார்க்கலாம் என்று திரும்பி வந்தவள் பிறகு பார்க்கவேயில்லை. மாதாமாதம் மூன்று பேருக்கு அரிசி வரும். அவன் பங்கைத் தனிப் பையில் வாங்கி, வரும் வழியிலேயே மாதா கோயில் வாசலில் மெழுகுவத்தி விற்கும் பெண்ணிடம் கொடுத்துவிடுவாள். ஒரு குருணைகூட வீட்டுக்கு வராது. அப்படியும் பக்கத்து வீட்டுத் தங்கபுஷ்பம், "செத்தவன் பேர்ல அரிசி வாங்கினு வர்றா பாரு" என்று குழாயடியில் சொல்வாள். சிலுவையம்மாள் காதில் விழாததுபோல் குடத்தை நகர்த்துவாள்.

ராயபுரத்துப் பனைமரத்தொட்டியில் பிறந்து, அங்கிருந்து நாலு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவள் அவள். காசிமேட்டில் இறால் உரிக்கும் ஷெட்டில் இருபத்திரண்டு வருஷம் ஐஸ் தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு நின்றவள். கணவர் செல்வநாதன் துறைமுகத்தில் லாஷிங் வேலை பார்த்தவர். கப்பல் தளத்தில் அடுக்கிய கன்டெய்னர்களை இரும்புக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டும் வேலை. இருவரும் சென்னையைத் தாண்டிப் போனதென்றால் வேளாங்கண்ணிக்குத்தான். அதனால், ரேச்சல் முதல் முறை முழுகாமல் இருந்தபோது, "மம்மி, நீயும் டாடியும் வாங்க, எனக்கு இங்க யாருமில்ல" என்று சொன்னதும், கனடாவும் வேளாங்கண்ணி மாதிரி டிக்கெட் எடுத்தால் போகிற இடம் என்றே அவள் நினைத்துவிட்டாள்.

விசா விண்ணப்பத்துக்குத் திருவொற்றியூரில் குமாரவேல் என்பவனின் கடைக்குப் போகச் சொன்னார்கள். முன்னால் ஜெராக்ஸ் மிஷின், பின்னால் ஒரு கம்ப்யூட்டர், நடுவில் குமாரவேல். செல்வநாதன் பங்குத் தந்தையிடம் நற்சான்றுக் கடிதம் வாங்கப் போயிருந்தார். சிலுவையம்மாள் மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"ஆன்ட்டி, ரேஷன் கார்டு குடுங்க. பேருல்லாம் அதுலேர்ந்தே எடுத்துக்கறேன்" என்றான் குமாரவேல். கார்டைத் திருப்பிப் பார்த்தான். "அலெக்ஸாண்டர் உங்க புள்ளயா? கல்யாணம் ஆயிட்ச்சா?"

"இல்ல."

"உங்க கூடதான் கீறாரா?"

சிலுவையம்மாள் தலையை அசைத்தாள்.

"சூப்பர் ஆன்ட்டி. இதான் மேட்டரே. புள்ள இங்க கீறான், அவனுக்காகவாவது திரும்பி வந்துடுவாங்கன்னு அவுங்க நம்பணும். இல்லாங்காட்டி அங்கியே டேரா போட்டுடுவாங்கன்னு நெனப்பாங்க. இன்னா வேல பாக்கறாரு?"

ஜெராக்ஸ் மிஷின் ஒரு முறை பளிச்சென்று மின்னி அடங்கியது.

"ஹார்பர்ல" என்றாள். பிறகு, கேட்காமலே சேர்த்துச் சொன்னாள். "கிரேன் ஓட்டறான்."

"வயசு?"

அதற்கு மட்டும் அவள் விரல் விட்டு எண்ண வேண்டியிருந்தது.

அச்செடுத்த தாள் சூடாகக் கைக்கு வந்தது. பத்தாவது வரை கான்வென்ட்டில் படித்தவள், எழுத்துக்கூட்டி வாசித்தாள். அலெக்ஸாண்டர். மகன். வயது இருபத்தைந்து. மணமாகாதவர். கிரேன் ஆபரேட்டர். பத்தொன்பதிலேயே நின்றுபோயிருந்த வயது ஆறு ஏறியிருந்தது. அந்த வரியின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு சற்று நேரம் இருந்தாள். திருத்தச் சொல்ல வேண்டும் என்று தெரியும். சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டாள். செல்வநாதனுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. கடிதத்தோடு வந்தவர் குமாரவேல் விரல் காட்டிய இடத்திலெல்லாம் போட்டார்.

கைரேகை எடுக்கும் இடத்தில் இருந்த பெண் சிலுவையம்மாளின் விரல்களை ஈரத்தாளால் நான்கு முறை துடைத்துத் துடைத்துக் கண்ணாடியில் வைத்து அழுத்தினாள்.

"ரேகையே விழ மாட்டேங்குது மேடம்."

"எறா துன்னுட்ச்சும்மா" என்றாள் சிலுவையம்மாள். அந்தப் பெண் சிரித்தாள். அன்று எல்லாரும் நல்ல மனநிலையில்தான் இருந்தார்கள்.

பெட்டியை எடுத்துப் போட்டுக் கட்டினார்கள். நெத்திலிக் கருவாடு, பிரசவ மருந்துப் பொடி, பழைய வாயில் புடவையைக் கிழித்து மடித்த குழந்தைத் துணிகள். ரேச்சலுக்குப் பிரசவமான அதே வாரத்தில் பதில் வந்தது. பயணம் முடிந்ததும் நீங்கள் இந்த நாட்டைவிட்டு வெளியேறுவீர்கள் என்று எனக்கு நம்பிக்கை ஏற்படவில்லை என்று யாரோ ஓர் அதிகாரி எழுதியிருந்தார்.

ரேச்சல் தனியாகவே குழந்தையைக் குளிப்பாட்டினாள். தொட்டியோரம் போனைச் சாய்த்து வைத்திருந்தாள். இங்கே ராயபுரத்தில் கட்டிலில் உட்கார்ந்து சிலுவையம்மாள், "தலய புடி, தலய புடி, காதுல தண்ணி பூடும்" என்று கத்தினாள். கத்தும்போது அவளுடைய இடது கை தானாகவே குழிந்து, வெறும் காற்றில் ஒரு தலையைத் தாங்கிக்கொண்டிருந்தது. செல்வநாதன் அதைப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போனார்.

குழந்தையை அம்மு என்று கூப்பிட்டார்கள். அம்முவின் முதல் பிறந்தநாளுக்கு மறுபடி விண்ணப்பித்தார்கள். பழைய படிவத்திலேயே தேதியை மாற்றிக் குமாரவேல் அனுப்பினான். மறுபடி அதே வாக்கியம் வந்தது. கருவாட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துக் குழம்பு வைத்தாள். துணிகளைத் தெருவில் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுத்தாள்.

"இன்னா சிலுவ, ஃபிளைட்டு ராயபுரம் பிரிட்ஜாண்ட மாட்டிகினுச்சா?" என்று தங்கபுஷ்பம் கேட்டாள். குழாயடி சிரித்தது.

"ஆமா, உன்ன ஏத்தினு போலாம்னு நிக்குது" என்றாள் சிலுவையம்மாள். அன்று குடத்தை நிரப்பாமலே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

ரேச்சல் இங்கே வர முடியாது. அவளுடைய வேலை பெர்மிட் புதுப்பிப்பில் கிடந்தது. வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடுவார்களா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டாவதாக முழுகாமல் இருந்தாள். ரத்தக்கொதிப்பு அதிகம், படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கணவனுக்கு இரண்டு வேலை; பகலில் அம்முவுக்குச் சோறு ஊட்டக்கூட ஆள் இல்லை. மூன்றாவது விண்ணப்பம் போனது.

இந்த முறை நிராகரிப்பு வரவில்லை. கேள்வி வந்தது. ரேச்சலுக்கும் ஒரு பிரதி போயிருந்தது. அவள்தான் கூப்பிட்டாள். போன் செல்வநாதன் கையில் இருந்தது, ஸ்பீக்கரில்.

"டாடி, மம்மி கீதா? மம்மி, அலெக்ஸ் உயிரோட கீறான்னா எழுதின? நான் வரும்போதே தம்பி செத்துட்டான்னு எழுதிக் குடுத்துகீறேன். நீ கிரேன் ஆபரேட்டர்னு எழுதிகீற. எது உண்மைன்னு முப்பது நாள்ல சொல்லணுமாம். பொய்யின்னா அஞ்சு வருஷத்துக்கு உள்ள விட மாட்டாங்களாம். ஏன் மம்மி?"

அந்தப் பக்கம் அம்மு எதற்கோ அழுதாள். "அப்பறம் பேசறேன்" என்று ரேச்சல் வைத்துவிட்டாள்.

செல்வநாதன் கத்துவார் என்று காத்திருந்தாள். அவர் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். பிறகு கேட்டார்.

"கிரேனா எழுதன?"

"ம்."

"குவே கிரேனா? கப்பலாண்ட நிக்குமே, அந்தப் பெரிசு?"

"எனக்கு இன்னாயா தெரியும். கிரேனுன்னு சொன்னேன்."

"நான் கீழ நின்னு கம்பி கட்னவன். அவன் மேல ஏறிக் குந்தணும்னு நெனச்சேன்" என்றார். பிறகு, "அந்தப் பேப்பர எங்கிட்டயாச்சும் காட்டிருக்கலாம் நீ. நானும் ஒருவாட்டி பாத்துருப்பேன்" என்றார்.

எழுந்து போய்ச் சுவரில் இருந்த இயேசுவின் திரு இருதயப் படத்தைக் கழற்றினார். படத்தின் முதுகில் ஒரு பிளாஸ்டிக் உறை ஒட்டியிருந்தது. உள்ளே லேமினேட் செய்த இறப்புச் சான்றிதழ். அத்தனை வருஷமும் அவள் மண்டியிட்டு ஜெபித்ததற்கு நேர் பின்னால் அது இருந்திருக்கிறது.

குமாரவேல் அதைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டான்.

"ஆன்ட்டி, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? சரி, பரவால்ல. கார்டப் பாத்து நான்தான் தப்பா டைப் பண்ணிட்டேன்னு எழுதிடறேன். என் மேல போட்டுடலாம்."

"கிரேன் ஓட்டறான்னு கார்டுல கீதா?" என்றாள் சிலுவையம்மாள். "நான் சொன்னேன், நீ அடிச்ச. உன் மேல ஏன்பா போடணும்?"

"அப்ப எல்லாப் பேப்பரும் ஒண்ணாட்டம் இருக்கணும் ஆன்ட்டி. ரேஷன் கார்டுலயும் பேர எடுத்துடுங்க. இல்லன்னா மறுபடி கேப்பாங்க."

அவள் ரேஷன் ஆபீசுக்குப் போனாள். வரிசையில் நின்றாள். சான்றிதழை நீட்டினாள். அங்கிருந்த ஊழியர் பெயர், தேதி, காரணம் எல்லாம் கேட்டார். சொன்னாள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த மாதம் அரிசி இரண்டு பேருக்குத்தான் வந்தது. கோயில் வாசலைத் தவிர்த்து, சுற்றுவழியில் வீட்டுக்கு வந்தாள்.

விளக்கக் கடிதத்தை அவள் சொல்லச் சொல்லக் குமாரவேல் ஆங்கிலத்தில் தட்டினான். "எனக்கு ரெண்டு புள்ளைங்க. ஒண்ணு உங்க ஊர்ல கீது. ஒண்ணு காசிமேட்டுக் கல்லறைல கீது. செத்துட்டான்னு எழுத மனசு வரல. அதான் தப்பு. வேற ஒண்ணும் திருட்டுத்தனம் இல்ல. வருஷா வருஷம் நவம்பர் ரெண்டு கல்லறைத் திருநாளு. அதுக்கு முன்னாடியே போய்ப் புல்லப் புடுங்கி, சுண்ணாம்பு அடிச்சி, பூ வெக்கணும். நாங்க வரலன்னா அதச் செய்ய ஆள் இல்ல. அதுக்கோசரம் கண்டிப்பா திரும்பி வந்துடுவோம்."

குமாரவேல் தட்டுவதை நிறுத்திவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டான். "இதுக்கு மேல இன்னா ஆன்ட்டி வேணும் அவுங்களுக்கு?" என்றான்.

ஜூன் மாதக் கடைசியில் பதில் வந்தது. குமாரவேல் போனில் சொல்லாமல் கடைக்கு வரச் சொன்னான். அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் இருவரும் பஸ் ஏறிப் போனார்கள்.

"அஞ்சு வருஷத் தடை இல்லியாம் அங்கிள். நம்ம விளக்கத்த ஏத்துகினாங்க" என்று ஆரம்பித்தான்.

"அப்பறம்?" என்றார் செல்வநாதன்.

அவன் திரையைப் பார்த்தே வாசித்தான். "உங்கள் மகன் இறந்துவிட்டதைக் கருத்தில் கொண்டேன். ஆகவே உங்களுடைய நாட்டில் உங்களுக்கு நெருங்கிய குடும்ப உறவுகள் இருப்பதாகத் தெரியவில்லை. எனவே, பயணம் முடிந்ததும் நீங்கள் இந்த நாட்டைவிட்டு வெளியேறுவீர்கள் என்று..."

"போதும்பா" என்றாள் சிலுவையம்மாள்.

ரேச்சலுக்குச் செல்வநாதன்தான் சொன்னார். அவள் அழவில்லை. "சரி டாடி, நான் பாத்துக்கறேன்" என்றாள். அந்தக் குரல் முதியோர் இல்லத்தில் அவள் பேசும் குரலாக இருக்க வேண்டும். அவர்கள் அதுவரை கேட்டதில்லை.

அடுத்த வாரம் சிலுவையம்மாள் யாரிடமும் சொல்லாமல் கிளம்பினாள். செல்வநாதன் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார். அவள் போனது ரேஷன் ஆபீசுக்கு. அவர் வாசலில் வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டார். உள்ளே அதே ஊழியர் இருந்தார்.

"ஏப்ரல்ல என் புள்ள பேர எடுத்துட்டுப் போனேங்க. திரும்ப சேக்கணும்" என்றாள்.

ஊழியர் கம்ப்யூட்டரில் பார்த்தார். அவளை நிமிர்ந்து பார்த்தார். சுற்றி நின்றவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "யம்மா, இவரு இறந்துட்டாருன்னு போட்டுருக்குது. எறந்தவங்க பேர எப்படிம்மா சேக்கறது? பொறந்த கொழந்த இருந்தா சேக்கலாம்."

சிலுவையம்மாள் கவுண்டரை இன்னும் நெருங்கி நின்றாள்.

"பேத்தி கீது. அம்மு. ரெண்டு வயசு முடிஞ்சிட்ச்சு. சேப்பீங்களா?"

"சேக்கலாமே. உங்க வூட்லதான இருக்குது?"

"கனடாவுல."

பின்னால் நின்றவன், "சீக்கிரம்மா, வேலைக்குப் போணும்" என்றான். ஊழியர் கார்டை அவளிடமே திருப்பி நீட்டினார். அவள் வாங்கி முந்தானையில் துடைத்துப் பைக்குள் வைத்தாள்.

வெளியே வந்தபோது செல்வநாதன் எதற்குப் போனாய் என்று கேட்கவில்லை. "இன்னா சொன்னாங்க?" என்றுதான் கேட்டார்.

"ரெண்டு பேருதானாம்" என்றாள்.

கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்தைப் பார்த்து வரிசையாக நின்றிருந்தன. ரோட்டைத் தாண்ட இடைவெளி கிடைக்கும்வரை இருவரும் அங்கேயே காத்து நின்றார்கள்.