அட்மின் மட்டும் பேசிய குரூப்

1. பத்தொன்பது மிஸ்டு கால்

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. தாம்பரத்தில் எங்கள் சர்ச்சில் ஆராதனை முடிந்து, ஒரு குழந்தையின் ஞானஸ்நான விருந்துக்கு உட்கார்ந்திருந்தேன். இலையில் பிரியாணி விழுந்தபோதுதான் கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்தேன். பத்தொன்பது மிஸ்டு கால். எல்லாமே ஊரப்பாக்கம் சங்கீதா.

சங்கீதா சும்மா கூப்பிடுகிற ஆள் இல்லை. ஊரப்பாக்கத்தில் தனியாளாக ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேப் நடத்துகிறவர். அவர் அத்தனை முறை கூப்பிட்டால் எங்கேயோ தீப்பிடித்திருக்கிறது என்று அர்த்தம். திரும்பக் கூப்பிட்டு, விருந்தில் இருந்ததாகச் சொன்னேன்.

“முடிஞ்சிடுச்சு மேடம். நீங்க சாப்பிடுங்க” என்றார்.

என்ன முடிந்தது என்று புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

2. எதிர்க்கடைக்காரர்கள்

மேற்குத் தாம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் லேப் இன்சார்ஜாக ரொம்ப வருடம் இருந்து ஓய்வு பெற்றேன். வீட்டில் சும்மா இருக்கத் தெரியவில்லை. செம்பாக்கத்திலிருந்து காட்டாங்குளத்தூர் வரை சின்னச் சின்ன லேப்கள் நிறைய. அவற்றை நடத்துகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஏதாவது ஒரு காலத்தில் என்னிடம் திட்டு வாங்கியவர்கள்தான். ஒருவருக்கு மெஷின் மக்கர் பண்ணும், இன்னொருவருக்கு டைலுவென்ட் கேன் பாதி நாளில் தீர்ந்துவிடும். ரத்தத்தை நீர்க்கவைக்கும் அந்தத் திரவம் இல்லாமல், அணுக்களை எண்ணும் செல் கவுண்டர் ஓடாது. ஆனால் பக்கத்து லேப்பில் போய்க் கேட்கவே மாட்டார்கள். கேட்டால் நம் டாக்டரை அவன் வளைத்துவிடுவான் என்று பயம்.

ஒரு நாள் ஆறு பேரைக் கெஞ்சிக் கூத்தாடி சர்ச் ஹாலுக்கு வரவழைத்தேன். டீ குடித்தார்கள். தனக்கு எந்த டாக்டர் கேஸ் அனுப்புகிறார் என்று தப்பித் தவறிச் சொல்லிவிடுவோமோ என்று பயந்து சமோசாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் என் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, ஆறு ட்யூபில் பிரித்து, ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். “நாளைக்கு ஹீமோகுளோபின் எவ்வளவுன்னு எனக்கு மட்டும் சொல்லுங்க” என்றேன். ஒருவருடைய கணக்குப்படி நான் ஆஸ்பத்திரியில் படுத்திருக்க வேண்டும். அவரை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, மெஷினை கேலிப்ரேட் பண்ணி அளவைச் சரிசெய்யச் சொன்னேன். விஷயம் வெளியே போகவில்லை. அதிலிருந்து என்மேல் நம்பிக்கை வந்தது. மெஷின்களை ஒப்பிட்டுப் பார்க்க அவ்வப்போது என் ரத்தமே போனது.

வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தேன். ஆறு பேர் இருபத்தாறு ஆனார்கள். கூடவே குட்மார்னிங் ரோஜாக்களும், கோயில் வீடியோக்களும், கட்சிச் சண்டையும் வந்தன. கோபத்தில் ஒரு நாள், அட்மின் மட்டும்தான் மெசேஜ் போடலாம் என்று செட்டிங்கை மாற்றினேன். அட்மின் நான் ஒருத்திதான். யாருக்கு எது வேண்டுமென்றாலும் எனக்கு ஃபோன் பண்ணுவார்கள். யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் சொல்லி அனுப்புவேன். ஒரே ஏரியாக்காரர்களை நேருக்கு நேர் கோர்த்துவிட்டால் சண்டை வரும் என்று நடுவில் நான் நின்றேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், ஒரு நாளைக்குப் பத்து ஃபோன் வருவதில் எனக்கு ஒரு மிதப்பு இருந்தது.

3. “லோன் வேணாம்மா”

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு நர்சிங் ஹோமிலிருந்து சங்கீதாவுக்கு சாம்பிள் வந்திருக்கிறது. டெங்கு வந்த எட்டு வயதுப் பெண் குழந்தை. முந்தின நாளே பிளேட்லெட் குறைந்திருந்தது. “பதினோரு மணிக்குள்ள கவுன்ட் வேணும்மா. இன்னும் இறங்கியிருந்தா டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவேன்” என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சாம்பிளை வைத்ததும் செல் கவுண்டர் ‘அபெர்ச்சர் பிளாக்’, அதாவது ரத்தம் போகிற துளை அடைத்துக்கொண்டது, என்று காட்டி நின்றுவிட்டது. கழுவிப் பார்த்தும் அசையவில்லை. சர்வீஸ் இன்ஜினியருக்கு ஞாயிறு லீவு.

சங்கீதா எனக்குத்தான் அடித்திருக்கிறார். நான் ஃபோனை சைலண்டில் போட்டுவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தேன். குரூப்பில் கேட்கலாம் என்றால், தட்டச்சு செய்ய இடமே இல்லை. பிறகு குரூப்பில் இருக்கும் நம்பர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட ஆரம்பித்திருக்கிறார். யார் எந்த ஊர், எந்த லேப் என்று அவருக்குத் தெரியாது. வெறும் நம்பர்கள். மூன்று பேர் எடுக்கவில்லை. நான்காவது ஆள், “லோன் வேணாம்மா” என்று சொல்லி கட் பண்ணிவிட்டார். ஏழாவது நம்பரில் ஒரு குரல் கிடைத்தது.

“எஸ்தர் மேடம் குரூப்பா? நீ எங்கம்மா கீற?”

“ஊரப்பாக்கம் சார்.”

“அட, நானும் ஊரப்பாக்கந்தான்! ஸ்டேஷனுக்கு இந்தாண்ட. என் மெஷின் சும்மாதான் கீது. எத்துகினு வா, ஓடு!”

அது முருகேசன். சங்கீதா வேலைக்குப் போகும்போது தினமும் பார்க்கிற போட்டி லேப்பின் போர்டு அவருடையது; அவரும் இந்தக் குரூப்தான் என்று சங்கீதாவுக்குத் தெரியாது. இருவருக்கும் நடுவில் இருந்தது ஒரு ரயில் லைன் மட்டும். சங்கீதா ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் படி ஏறி இறங்கி ஓடியிருக்கிறார். போகிற வழியெல்லாம், இனி அந்த டாக்டர் கேஸ் முழுக்க இவருக்குத்தான் போகும் என்று நினைத்துக்கொண்டே போனாராம். இருந்தும் போனார்.

கவுன்ட் முந்தின நாளைவிட ஏறியிருந்தது. முருகேசனே இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு டாக்டருக்கு ஃபோன் பண்ணினார்.

“சார், கவுன்ட் ஏறிகினு வருது. டெஸ்ட் என்னுது, கேஸ் சங்கீதாம்மாவுது. இனிமேலும் அவங்களாண்டயே அனுப்புங்க.”

குழந்தை அந்த நர்சிங் ஹோமிலேயே இருந்து, சில நாளில் வீட்டுக்குப் போனாள்.

4. கோபித்துக்கொள்ளாதீர்கள்

அன்றைக்கு ஃபோனில் சங்கீதா நடந்ததைச் சொல்லி முடித்ததும், “நல்ல வேளைம்மா. அடுத்த தடவை நான் ஃபோனை சைலண்ட்ல போடவே மாட்டேன்” என்றேன். பெரிய தியாகம் பண்ணுகிற நினைப்பு எனக்கு.

சங்கீதா, “மேடம், ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?” என்றார்.

“சொல்லும்மா.”

“குரூப்ல இருபத்தாறு பேர் இருக்கோம். எனக்கு உங்களை மட்டும்தான் தெரியும். மத்த எல்லாருக்கும் அப்படித்தான். இதுக்குப் பேரு குரூப்பா மேடம்?”

எனக்குக் கோபம் வந்தது. மறைக்க என்ன இருக்கிறது? நான் சேர்த்த கூட்டம், நான் ரத்தம் கொடுத்த கூட்டம். டக்கென்று ஃபோனை வைத்துவிட்டேன். சாயந்திரம் வரை மனசுக்குள் சங்கீதாவோடு வாதாடிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் தோற்றேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் செட்டிங்கை மாற்றி, சங்கீதாவையும் முருகேசனையும் அட்மின் ஆக்கினேன்.

அந்த வாரமே சங்கீதா ஒரு பட்டியல் போட்டார். பெயர், ஊர், என்ன மெஷின், ஞாயிற்றுக்கிழமை யார் திறந்திருப்பார்கள் என்று. அதை நான் எப்போதோ போட்டிருக்க வேண்டும். இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொருவர் லேப்பில் கூடுகிறார்கள். ரத்தம் கொடுக்கும் முறையும் சுற்றி வருகிறது. என் நரம்புக்கு ஓய்வு கிடைத்தது. ரோஜாப் படங்களும் திரும்ப வந்துவிட்டன. வரட்டும்.

போன மாதம் ஒரு ஞாயிறு. சர்ச் முடிந்து, பழக்க தோஷத்தில் படபடப்போடு ஃபோனைப் பார்த்தேன். மிஸ்டு கால் ஒன்றுகூட இல்லை. குரூப்பில் மூன்று வரி இருந்தது. செம்பாக்கத்திலிருந்து ஒருவர் டைலுவென்ட் கேட்டிருந்தார். நாலு நிமிஷத்தில் இன்னொருவர், “என்கிட்ட இருக்கு, வந்து எடுத்துக்குங்க” என்று போட்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “வாங்கிட்டேன், தேங்க்ஸ்ணா.” என்னை யாரும் தேடவில்லை.

முதலில் சுருக்கென்றது. அப்புறம் சங்கீதாவை நினைத்துக்கொண்டேன். என் தவறை என் முகத்துக்கு நேரே சொல்ல அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும்! இத்தனை வருட வேலையில் எனக்குப் பாராட்டுச் சொன்னவர்கள் நிறைய. இந்த நல்லதைச் செய்தது அவர் ஒருவர்தான். அதற்கு நான் அவருக்குக் கடைசிவரை நன்றி சொல்வேன்.

புதிதாக இன்சார்ஜ் ஆகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பத்துப் பேரைச் சேர்த்துவிட்டீர்களா? நடுவிலிருந்து நகர்ந்து, அவர்களை ஒருவரோடொருவர் பேச விடுங்கள்.

அன்றைக்கு ஃபோனைத் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டு, வீட்டுக்கு நடந்தே போனேன். அவசரம் ஒன்றும் இல்லை.