பாண்டி எடுத்த முடிவு

மாமா மகன் பாண்டிக்கு ரத்தப் புற்றுநோய் என்று மதுரையில் சொன்னபோது அவனுக்குப் பதினாறு வயது. கமுதியிலிருந்து மாமா துணைக்குக் கூட்டிப்போனது என்னைத்தான். காலேஜில் விலங்கியல் படிக்கிறவனுக்கு டாக்டர் பேசுவது புரியுமாம்.

மருந்து ஏற்றினால் பின்னாளில் பிள்ளை பிறக்காமல் போகலாம், அதற்கு முன்பே விந்தணுவை எடுத்து உறைய வைக்கலாம் என்றார் டாக்டரம்மா. எனக்கு ஒரே பரபரப்பு. விஞ்ஞானம் எங்கேயோ போய்விட்டதே! மாமாவுக்கு விழுந்து விழுந்து விளக்கினேன். பெரியவர்கள் பேசுமிடத்தில் பிள்ளைகள் நிற்கக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதனால் பாண்டி வெளியே பெஞ்சில் இருந்தான்.

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "பய பொழைக்காமப் போனாலும், அத வச்சு எங்களுக்கு ஒரு வாரிசு கெடைக்குமாம்மா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. டாக்டர் பாண்டியை உள்ளே அழைத்து, எல்லாவற்றையும் அவனிடமே விளக்கினார். "நீ இல்லாமப் போனா அத என்ன செய்யணும்னும் நீதான் சொல்லணும்ப்பா."

பாண்டி என்னைப் பார்த்தான். "இம்புட்டு நேரம் இதத்தான் பேசுனீகளா மச்சான்? நான் ஊருக்குப் போற பஸ்ஸப் பத்தின்னுல்ல நெனச்சேன்!"

பிறகு மாமாவிடம் திரும்பினான். "எடுத்து வையிங்கய்யா. நான் இருந்தாத்தான் அது. இல்லேன்னா கொட்டிருங்க. நான் பாக்காத பிள்ளைக்கு என்னய அப்பனாக்காதீங்க."

மாமா துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். கடைசியில், "சரிடா" என்றார்.

பாண்டிக்கு இன்னும் வைத்தியம் நடக்கிறது. சாவைப் பற்றி அவன் காதில் விழக்கூடாது என்று வீடே பொத்திப் பொத்திப் பேசிக்கொண்டிருந்தது. அவனோ அதை எப்போதோ யோசித்து முடித்திருக்கிறான். அதற்குப்பின் யாரையும் 'சின்னப் பையன்' என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.