அட்டைப்பெட்டிச் சாமியார்

எனக்குப் புதுநன்மை கொடுத்த வருஷம் எங்கள் வீட்டில் பேச்சு நின்றுபோயிருந்தது. முழுக்க நின்றுவிட்டது என்றும் சொல்ல முடியாது. அம்மாவும் அப்பாவும் பேசத்தான் செய்தார்கள், என் வழியாக. "உங்கப்பாகிட்ட சொல்லு, சோறு போட்டாச்சுன்னு" என்பாள் அம்மா. அப்பா ஒரு முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். "உங்கம்மாவ கேளு, இன்னா கொழம்புன்னு" என்பார். நான் திரும்பி அம்மாவைக் கேட்பேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய லைன் வீடு அது. ஒரே அறை, அதன் மூலையில் சமையல். அங்கே இரண்டு பேர் பேசாமல் இருப்பது லேசுப்பட்ட காரியமா? நடுவில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

எல்லாம் என் ஃபிராக்கால் வந்தது. புதுநன்மை என்றால் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். பெண் பிள்ளைகள் வெள்ளை ஃபிராக் போட்டு, தலையில் வெள்ளை வலை வைத்து, கையில் மெழுகுவர்த்தியோடு சின்னக் கல்யாணப் பெண்கள் மாதிரி மாதா கோயிலுக்குப் போக வேண்டும். மற்றவர்களுக்கெல்லாம் சென்னையில் கடை ஃபிராக். அம்மா மட்டும் நானே தைக்கிறேன் என்று மிஷினில் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் ஏரியாவில் வெள்ளைத் துணியோடு மல்லுக்கட்டுவது சும்மா இல்லை. இரும்பு உருக்குகிற கம்பெனிகளிலிருந்து கரித்தூள் வந்து இறங்கிக்கொண்டே இருக்கும். காலையில் காயப்போட்ட பனியன் சாயங்காலத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடும். அம்மா ஜன்னலைச் சாத்திக்கொண்டு, மிஷினைச் சுற்றிப் பேப்பர் விரித்து, வியர்த்து வழிந்து தைத்தாள். கழுத்து ஆயிற்று, கை ஆயிற்று, கீழே மடித்துத் தைப்பது ஒன்றுதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்துத் திருவள்ளூரிலிருந்து அத்தை, அப்பாவின் அக்கா, வந்தாள். நான் ஃபிராக்கைப் போட்டுக்கொண்டு ஒரு சுற்று சுற்றிக் காட்டினேன். அப்பா டீயை உறிஞ்சியபடி, "இன்னாது இது, தலகாணிக்கு உறை போட்ட மாதிரி கீது!" என்றார். அத்தைக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. எனக்கும் சிரிப்புதான். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அத்தை பஸ் ஏறியதும் ஃபிராக்கை மடித்து டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். "உங்கப்பாகிட்ட சொல்லு, கடையிலயே வாங்கிக்கச் சொல்லி." அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

அப்பா கடைக்கும் போகவில்லை, அம்மா பெட்டியையும் திறக்கவில்லை. புதுநன்மைக்கு இன்னும் ஒரு வாரம்தான். அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்துப் பிள்ளையைப் பீடம் வரைக்கும் அழைத்து வர வேண்டும் என்று ஞானோபதேச வகுப்பு சிஸ்டர் வேறு சொல்லியிருந்தார். முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேர் நடுவில், பள்ளிக்கூட யூனிஃபார்மில் நான் நடந்துபோவதை நினைத்தாலே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

இந்தக் கவலையிலும் விளையாட்டு நின்றதா என்றால், அதெப்படி நிற்கும். அப்பாவின் கம்பெனிக்கு ஏதோ மெஷின் வந்து இறங்கிய அட்டைப்பெட்டி ஒன்று எங்களிடம் இருந்தது. அதை மடித்து டி.வி.எஸ். ஐம்பதின் பின்னால் கட்டி எடுத்து வரும்போது, ஹைவேயில் லாரிக் காற்று அவரையும் பெட்டியையும் சேர்த்துத் தூக்கப் பார்த்ததாம். அது எனக்கும் தம்பிக்கும் முதலில் பஸ்ஸாக இருந்தது, அப்புறம் பொட்டிக்கடை. வகுப்பில் பாவசங்கீர்த்தனம் செய்யச் சொல்லிக்கொடுத்த வாரம் அது பாவசங்கீர்த்தனத் தொட்டியாக மாறியது. கோயிலில் சாமியார் உள்ளே உட்கார்ந்திருப்பார், நாம் வெளியே முழந்தாள் போட்டு, வலை ஜன்னல் வழியாகப் பாவத்தைச் சொல்ல வேண்டும். நான் பிளேடால் ஜன்னல் வெட்டினேன். வலைக்கு எங்கே போவது? அம்மாவின் மாவு சல்லடை அளவெடுத்த மாதிரி பொருந்தியது. மேலே காலண்டர் மாதாவை மைதா பசையால் ஒட்டினேன். அம்மா தைத்து மிச்சமான ஊதா ஜாக்கெட் துணி, பாவம் கேட்கும்போது சாமியார் போட்டுக்கொள்கிற பட்டை மாதிரி, என் கழுத்தில் ஏறியது.

"பொட்ட புள்ள சாமியார் ஆவ முடியாது" என்றான் தம்பி.

"பொட்டி என்னுது" என்றேன். விவாதம் அதோடு முடிந்தது.

ஆனால் தம்பியிடம் சரக்கு இல்லை. பூஸ்ட் பவுடர் திருடித் தின்ற ஒரே பாவத்தை மூன்று தடவை சொல்லிவிட்டுக் கோலி விளையாடப் போய்விட்டான். பாவிகள் இல்லாமல் நான் ஈயோட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் அம்மா வந்தாள். "எங்கடி என் சல்லடை?"

முதுகில் நாலு விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அம்மா சல்லடையைப் பார்த்தாள், அதற்குள்ளிருந்து முழிக்கிற என்னைப் பார்த்தாள். திரும்பி, நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு பாயில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த அப்பாவையும் பார்த்தாள். பிறகு சட்டென்று முழந்தாள் போட்டாள்.

"சாமி, ஒரு பொய் சொல்லிட்டேன்."

"சொல்லு மகளே." அம்மாவை மகளே என்று கூப்பிட்டதில் எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

"ஃபிராக்குக்கு மீஞ்சூர்ல கட்பீஸ் வாங்குனேன்னு ஊட்ல சொல்லிக்கினு இருக்கேன். அது கட்பீஸ் இல்ல. கோயில்ல தாலி கட்டுறப்போ நான் கட்டியிருந்த வெள்ளப் பொடவ. அத வெட்டித்தான் தெச்சேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நல்லவேளையாக அப்பாவின் குறட்டை அந்நேரம் நின்றிருந்தது, பாவம் கேட்க வசதியாக இருந்தது. ஆனால் அம்மாவின் குரல்தான் பாவசங்கீர்த்தனத்துக்குத் துளிகூடப் பொருந்தாத குரல். "மெதுவா சொல்லு மகளே, பாவம் வெளிய கேக்கக் கூடாது" என்றேன். அவள் இன்னும் ஓங்கிச் சொன்னாள்: "அதப் போயி நாலு பேரு சிரிக்கத் தலகாணி உறைன்னு சொன்னா வலிக்காதா சாமி?"

"மூணு அருள்நிறை மரியே சொல்லு. அப்புறம் அந்த ஃபிராக்க தெச்சு முடிச்சிடு" என்று பரிகாரம் கொடுத்தேன். ஃபிராக்கையும் பரிகாரத்தோடு நைசாகச் சேர்த்துவிட்டதில் எனக்கு ஒரே பெருமை.

"மரியே சொல்றேன். மத்தது, அந்தப் பாவி வந்து முட்டி போட்டாத்தான்" என்று எழுந்து போனாள். சல்லடையைக் கேட்கக்கூட இல்லை.

அப்பாவை உலுக்கி எழுப்பி விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு துடித்தது. சொல்ல முடியாது. கழுத்தை வெட்டினாலும் சாமியார் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். நான் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு வாயை இறுக்க மூடிக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம், அம்மா மூலையில் மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தபோது, அப்பா பெட்டிக்கு முன்னால் வந்து நின்றார். முழந்தாள் போடத் தெரியாத மாதிரி இரண்டு முறை குனிந்து நிமிர்ந்து, கடைசியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கூச்சத்தில் காது சிவந்திருந்தது.

"சொல்லு மகனே."

"நல்லா இருந்தத நல்லால்லன்னு சொல்லிட்டேன் சாமி. அக்கா சிரிக்கணும்னு சொன்னது. கண்ணு இருந்தும் சரியா பாக்கல."

கண்ணால் செய்கிற பாவங்கள் என்று சிஸ்டர் ஏதோ சொல்லியிருந்தார். இது அதுதான் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். "எத்தன வாட்டி?"

"ஒரு வாட்டிதான். அன்னிலேருந்து நல்ல சோறு எறங்கல சாமி."

"மூணு அருள்நிறை மரியே. அப்புறம் அம்மாகிட்ட போயி மன்னிப்பு கேளு மகனே."

"போவணுமா? இங்கேர்ந்தே சொன்னா ஆவாதா?"

"ஆகாது. அவங்களுக்குக் கேக்காது" என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

அப்பா தலையைச் சொறிந்துகொண்டு எழுந்து மூலைக்குப் போனார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. "போதும் போதும், சாமியாரு பாக்குது" என்று அம்மா சிரித்தது மட்டும் கேட்டது. அன்று தோசைக்கு வைத்த சட்னியில் தேங்காய் துண்டு துண்டாகப் பல்லில் அகப்பட்டது. தம்பி சிணுங்கினான். அப்பா இன்னும் இரண்டு தோசை கேட்டு வாங்கினார், அம்மாவிடமே கேட்டு. சாப்பிட்ட கையோடு அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து மிஷினில் உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கரித்தூள் படாமல் என்னைப் போர்வையால் சுற்றி ஷேர் ஆட்டோவில் ஏற்றினார்கள். கோயில் வாசலில் போர்வையை உருவியதும் அத்தை, அன்றைக்குப் பார்த்த அதே ஃபிராக் என்று அடையாளம் தெரியாமல், "அடியாத்தே, எந்தக் கடையில எடுத்தது?" என்றாள். அப்பா, "ஊட்லயே தெச்சது" என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தார். ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். இரண்டு பேரையும் நான் ஒருத்தியே சேர்த்து வைத்தேன், அதுவும் ஒரு வார்த்தை வெளியே விடாமல், என்று என் கால் தரையில் பாவவில்லை.

அந்த ரகசியத்தை வருஷக்கணக்காகக் காப்பாற்றினேன். என் கல்யாணத்துக்கு வெள்ளைப் புடவை எடுக்கப் போனபோது, கடைக்காரப் பையன் புடவைகளைப் பிரித்துப் போட, அப்பா துணியைத் தடவிப் பார்த்து, "நல்லா ஒழைக்கிறதா குடுப்பா. எங்க ஊட்ல கல்யாணப் பொடவய வெட்டித்தான் இந்தப் பொண்ணுக்குப் புதுநன்ம ஃபிராக் தெச்சாங்க" என்றார், எல்லோருக்கும் தெரிந்த கதை மாதிரி.

எனக்கு வியர்த்துவிட்டது. "ஐயோ, உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் யார்கிட்டயும் சொல்லவே இல்லியே!"

அப்பா புடவைக்குள் முகத்தைப் புதைக்காத குறையாகக் குனிந்துகொண்டார். அம்மாதான் சிரித்தாள்.

"சாமியாரு மெதுவாத்தான் பேசச் சொன்னாரு" என்றாள். "நான்தான் கேக்கல."